கோடு கோணாமல் வர வேண்டுமா? பொம்மைக்கு டேப் ஒட்டி வண்ணம் அடிக்கும் முறை



கொலு பொம்மையில் சாமிக்குக் கண், புருவம், உதடு எல்லாம் கையால்தான் எழுத வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் இப்போது கடைகளில் கோயில், தெப்பக்குளம், கிராமத்து வீடு, பஸ் என்று சின்னச் சின்ன மாதிரிகளையும் கேட்கிறார்கள். இவற்றில் நேர்க்கோடும் பட்டையும்தான் அழகு. முக்கியமாக கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டை.

கடைக்காரர் கையில் எடுத்ததும் அந்தப் பட்டையின் ஓரத்தைத்தான் பார்ப்பார். சிவப்பு வழிந்து வெள்ளையில் ஏறியிருந்தால் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, "இதை பாதி விலைக்குத்தான் எடுப்பேன்"னு சொல்லிடுவார். காகிதத்தை ஊற வைத்து, கூழ் அரைத்து, அச்சில் போட்டு, காய வைத்து, உப்புத்தாள் தேய்த்து இத்தனை நாள் பட்ட பாடு கடைசி அரை மணி நேரத்தில் வீணாகிறது. குழுவில் வாங்கிய கடனுக்கு வட்டி பாதியாகக் குறையாது அல்லவா? அதனால்தான் இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

இதற்கு வேண்டியது மாஸ்கிங் டேப். பெயின்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வெளிர் மஞ்சள் நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் காகித டேப். பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் வேண்டாம், அது அடியில் உள்ள பெயின்டையும் பிய்ச்சுக்கிட்டு வந்துடும். இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இரண்டு வண்ணம் அடித்த கார்களுக்கு மவுசு இருந்தது. அங்கேயும் ஒட்டியதை உரிக்கும்போது பெயின்ட் கூடவே வந்துவிட, பெயின்டர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதைப் பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் லேசாக ஒட்டி, சுலபமாக உரியும் இந்த டேப்பை 1925இல் கண்டுபிடித்தார்.

இனி மதிலுக்கு வருவோம். 24 மில்லிமீட்டர் அகல டேப் சாதாரணமாகக் கிடைக்கிறது. மதிலின் ஒரு பக்கத்தை 16.8 சென்டிமீட்டர் நீளத்தில் செய்தால் சரியாக ஏழு பட்டை வரும். நாலு சிவப்பு, மூணு வெள்ளை. இரண்டு ஓரமும் சிவப்பாகவே வருவதால் மூலையில் சிவப்பும் சிவப்பும் சேரும். மூலையில் கோடு போடும் சிரமமே இல்லை.

முதலில் மதில் முழுக்க வெள்ளை அடியுங்கள். வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால். சிவப்பின் மேல் வெள்ளை அடித்தால் ரோஸ் கலர் தெரியும். வெள்ளை நன்றாகக் காய வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் மேல்தோல்தான் காய்ந்திருக்கும். ஒரு ராத்திரி விடுங்கள். எனாமல் என்றால் ஒரு முழு நாள், மழை நாளில் இரண்டு நாள்.

காய்ந்த பிறகு ஏழு துண்டு டேப்பை ஒன்றை ஒன்று தொடும்படி வரிசையாக ஒட்டுங்கள். பிறகு 1, 3, 5, 7ஆவது துண்டுகளை உரித்து எடுங்கள். அளவு நாடாவும் பென்சிலும் தேவையில்லை, இடைவெளி தானாகவே சமமாக இருக்கும். உரித்ததை அடுத்த பக்கத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் சுத்தமான பருத்தித் துணியில் ஒரு தடவை அழுத்தி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும், வெள்ளை பிய்ந்து வராது. ஒட்டிய பின் டேப்பின் ஓரத்தை மட்டும் நகத்தாலோ ஸ்பூனின் பின்புறத்தாலோ அழுத்தித் தேயுங்கள். மதில் சொரசொரப்பாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பெயின்ட் உள்ளே இறங்கும். அதற்கு உப்புத்தாள்தான் மருந்து.

இப்போது சிவப்பு அடிக்கலாமா? பொறுங்கள். டேப்பின் ஓரத்தில் மறுபடியும் அதே வெள்ளையை லேசாக ஒரு கோட் அடியுங்கள். "வெள்ளை மேலே திரும்ப எதுக்கு வெள்ளை?"னு பயிற்சியில் கேட்காத ஆளில்லை. டேப்புக்கு அடியில் எங்காவது சந்து இருந்தால் பெயின்ட் அதற்குள் போகத்தான் செய்யும். முதலில் வெள்ளை போய் அடைத்துக்கொண்டால், பிறகு வரும் சிவப்புக்கு வழியில்லை. உள்ளே போன வெள்ளை வெள்ளையோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாது. எங்களைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் உருப்படியான விஷயம் இதுதான்.

அது காய்ந்ததும் சிவப்பு. பிரஷை டேப்பின் மேல் ஆரம்பித்து வெளிப்பக்கமாக இழுங்கள், வெளியிலிருந்து டேப்பை நோக்கித் தள்ளக் கூடாது. பெயின்ட் கெட்டியாக ஒரே கோட் வேண்டாம், மெல்லிசாக இரண்டு கோட். பிரஷ் பழகாதவர்கள் சின்ன ஸ்பாஞ்ச் துண்டில் தொட்டுத் தொட்டு ஒற்றலாம்.

டேப்பை உரிக்கும் நேரமும் முக்கியம். சிவப்பு விரலில் ஒட்டாத அளவு காய்ந்தால் போதும், இறுகிக் கல்லாகும் வரை விடாதீர்கள். நுனியைப் பின்பக்கமாக மடக்கி, மதிலோடு படிந்தபடியே மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் ஓரம் பிசிறும். நாளைக்குப் பார்க்கலாம் என்று டேப்போடு வெயிலில் வைத்தால் பசை மதிலிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கியதை இன்னொரு டேப் துண்டால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம்.

செலவுக் கணக்கு: மதில் உயரம் 6 சென்டிமீட்டர் என்றால், பிடித்து உரிக்க 2 சேர்த்து ஒரு துண்டு 8. பக்கத்துக்கு மூன்று, நாலு பக்கத்துக்குப் பன்னிரண்டு, ஆக 96 சென்டிமீட்டர். 20 மீட்டர் ரோலில் இருபது மதில் ஆகும்.

வளைவுக்கு டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து 2, 3 மில்லிமீட்டர் இழையாக பிளேடால் கீறிக்கொள்ளுங்கள். மெல்லிய இழை வளைந்து கொடுக்கும். ஒரே பூ வேலை நூறு பொம்மைக்கு வேண்டுமென்றால் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளலாம்.

பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. பொம்மையைக் குழந்தை வாயில் வைக்கும். வீட்டு உபயோக பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் அமலில் இருக்கிறது. டப்பாவில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தின்னர் கலக்கும் வேலையைத் திண்ணையில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் அந்தப் பக்கம் உட்கார வேண்டாம்.

டேப் ரோலை வெறும் தரையில் வைக்காதீர்கள். ஓரத்துப் பசையில் மண் ஒட்டினால் அந்த இடமெல்லாம் பெயின்ட் வழியும். மூடி போட்ட டிபன் டப்பாவில் போட்டு வையுங்கள்.