பாத்தியில் விளையும் பொங்கல் கிழங்கு

மார்கழி பிறந்துவிட்டால் மதுரைத் தெருமுனைகளில் பனங்கிழங்குக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். சேனை, கருணை, சேம்பு, சீனிக்கிழங்கு என்று பொங்கல் சந்தையில் கிழங்குக்குப் பஞ்சமில்லை. அவற்றில் சீனிக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது; மரவள்ளியும் அப்படித்தான். பனையோ கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே நிற்கிற மரம்.

தாவரவியல் கணக்கில் பனங்கிழங்கு கிழங்கே அல்ல, முளைவிடும் பனங்கன்று. பழம் உதிரும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி, மண்ணைப் பொலபொலவென்று மேடாகக் குவித்த பாத்தியின்மேல் நெருக்கி அடுக்கி, லேசாக மண் மூடுவார்கள். மேட்டுக்குக் காரணம் உண்டு. பனையின் முளை மேலே வராது. கொட்டையைத் துளைத்துக்கொண்டு குழாய்போல நேரே கீழே இறங்கும். மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணிவிடும்.

மேலே கொட்டைக்குள் இன்னொரு வேலை நடக்கிறது. நுங்காக இருந்து, பின்பு கல்லாக இறுகிப்போன பருப்பைப் பஞ்சு போன்ற தவுன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சி, கீழே போகும் கன்றுக்கு அனுப்புகிறது. அந்தச் சத்துதான் மாவாகத் திரள்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் தோண்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் குருத்து மேலே கிளம்பிவிடும், கிழங்கு நாராகிவிடும். தோண்டும்போது கொட்டையை வெட்டித் தவுனைத் தின்பது பிள்ளைகளின் பங்கு.

அவித்து விற்பதை வாங்குவதைவிடப் பச்சையாக வாங்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வீட்டில் அவிப்பதே மேல். தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துப் போட்டுவிட்டு, ஓரத்து நாரை இழுத்தபடியே தின்ன வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பண்டமல்ல.

மரவள்ளியைச் சேலத்து ஆலைகள் ஜவ்வரிசியாக்கி ஊர் ஊராக அனுப்புகின்றன. பனங்கிழங்கு மதுரைப் பக்கம் பெரும்பாலும் அவித்துத் தின்பதோடு சரி. தை முடிந்தால் கடையும் முடிந்தது.

யாழ்ப்பாணத்தார் இதில் கெட்டிக்காரர்கள். பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் மாதக்கணக்கில் கெடாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்தபின், மீன், நண்டு, இறால், பயற்றங்காய், புளி, மிளகாயெல்லாம் சேர்த்துக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். பெரிய பானையில் வைத்து, பலர் கூடிக் குடிக்கிற சாப்பாடு அது.