கண்ணாடிப் பேழைத் தோட்டம்

கண்ணாடிப் பேழைத் தோட்டம் அல்லது டெரேரியம் என்பது, கண்ணாடிக் கலன் ஒன்றினுள் மண்ணிட்டுச் சிறு செடிகளை வளர்க்கும் அமைப்பு ஆகும். மூடிய பேழையில் நீர் வெளியேறாது சுழற்சி அடைவதால், வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், நீர் ஊற்றாமலே செடிகள் வாழ்கின்றன. ஆயினும் மூடிய கண்ணாடி ஈரத்தைக் காக்குமேயன்றி வெப்பத்திலிருந்து காக்காது. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதனை அமைக்கும்போது முதன்மையாகக் கருத்திற் கொள்ள வேண்டியது இதுவாகும்.

வரலாறு

இலண்டன் மருத்துவரான நத்தானியேல் பாக்சா வார்டு, 1829 ஆம் ஆண்டில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் புட்டி ஒன்றில் இட்டு மூடி வைத்தார். அம்மண்ணில் ஒரு பன்னமும் (பெரணி) ஒரு புல்லும் தாமாகவே முளைத்தன. நகரின் நிலக்கரிப் புகையால் அவரது தோட்டத்துப் பன்னங்கள் மடிந்துவந்த நிலையில், புட்டியில் முளைத்தவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீர் ஊற்றப்படாமலே வாழ்ந்தன. இதன் அடிப்படையில் அவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டி 'வார்டியன் பெட்டி' எனப் பெயர் பெற்றது. 1833 இல் இத்தகைய பெட்டிகளில் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட செடிகள் உயிருடன் சென்று சேர்ந்தன.

இந்தியாவில்

1848 முதல் 1851 வரையான காலத்தில் இராபர்ட் பார்ச்சூன், சீனத் தேயிலைச் செடிகளை வார்டியன் பெட்டிகளில் இமயமலைப் பகுதிக்கு அனுப்பினார். பெட்டியின் மண்ணில் இடப்பட்ட தேயிலை விதைகள் பயணத்தின்போதே முளைத்தன.

மலேரியாவுக்கு மருந்தான குயினைன், தென் அமெரிக்காவைச் சேர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து பெறப்பட்டது. இம்மரத்தை நீலகிரியில் வளர்ப்பதற்காகக் கிளெமென்ட்சு மார்க்கம் 1860 இல் பெருவிலிருந்து செடிகளை இப்பெட்டிகளில் கொண்டுவந்தார். செங்கடல் வழியாக வருகையில் கடும் வெப்பத்தால் அவை நலிந்தன. உதகமண்டலத்தை அடைந்தவையும் பிழைக்கவில்லை. இரிச்சர்டு இசுபுருசு எக்குவடோரில் சேகரித்த செம்பட்டைச் சிங்கோனாச் செடிகளை இராபர்ட் கிராசு 1861 இல் உதகமண்டலத்தில் உயிருடன் சேர்ப்பித்தார். அங்கிருந்த அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் மக்கைவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் உருவாயின.

செயற்படும் முறை

பகலில் வேர்கள் உறிஞ்சும் நீர், இலைகளின் வழியே ஆவியாகிறது. இந்த ஆவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து துளிகளாகி மீண்டும் மண்ணை அடைகிறது. ஒளித்தொகுப்பில் வெளியாகும் ஆக்சிசனும் சுவாசத்தில் வெளியாகும் கார்பன் டைஆக்சைடும் உள்ளேயே மாறி மாறிப் பயன்படுகின்றன. வெயில் நேரடியாகப் படும்போது கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது. ஆனால் சூடான காற்றை வெளியேற விடுவதில்லை. ஆகவே பேழையின் உள்வெப்பம் அறையின் வெப்பத்தைவிட மிகவும் உயர்ந்துவிடும்.

அமைக்கும் முறை

1. அகன்ற வாயும் மூடியும் கொண்ட நிறமற்ற கண்ணாடிப் புட்டியைக் கழுவி உலர்த்த வேண்டும்.
2. அடியில் 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்குக் கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். புட்டியில் வடிகால் துளை இல்லாததால் மிகுதியான நீர் இங்கு தேங்கும்.
3. அதன் மேல் நொறுக்கிய மரக்கரியை மெல்லிய அடுக்காக இட வேண்டும். இது துர்நாற்றத்தைக் குறைக்கும். இசுத்திரிப் பெட்டிக்குப் பயன்படும் மரக்கரி போதுமானது.
4. தென்னைநார்த் தூள், ஆற்றுமணல், சிறிதளவு மண்புழு உரம் ஆகியவற்றின் கலவையை 5 முதல் 8 செ.மீ. வரை நிரப்ப வேண்டும். தென்னைநார்த் தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், அதனை இருமுறையேனும் நீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்த வேண்டும். உரம் மிகுந்தால் செடிகள் விரைவில் புட்டியை நிறைத்துவிடும்.
5. சிறு பன்னங்கள், பிட்டோனியா, பெப்பரோமியா போன்றவற்றை நட்டு, இடைவெளிகளில் பாசியைப் பதிக்க வேண்டும்.
6. மண் ஈரமாகும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து மூட வேண்டும்.

கள்ளி, கற்றாழை போன்றவை மூடிய பேழையில் அழுகும். அவற்றுக்குத் திறந்த பேழையே ஏற்றது.

வெப்பமும் வெளிச்சமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வல்லம் வடகால், ஒரகடம் போன்ற சமவெளிப் பகுதிகளில் கோடை வெப்பநிலை 40 பாகை செல்சியசு அளவை எட்டுவதுண்டு. அங்கு வெயில் படும் சாளரத்தில் வைக்கப்பட்ட மூடிய பேழையில் சில மணி நேரத்திலேயே செடிகள் வெந்துவிடக்கூடும். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறைகள் இரவிலும் சூடாக இருப்பதால் அவை உகந்தவையல்ல. வடக்கு நோக்கிய சாளரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைப்பது நன்று. போதிய வெளிச்சம் இல்லாத அறையில், வெண்ணிற எல்இடி விளக்கை நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் ஒளிரவிடலாம்.

பராமரிப்பு

காலையில் கண்ணாடியில் சிறிது நீர்த்துளி படிந்து பின்னர் மறைவது சரியான ஈரத்தைக் குறிக்கும். நாள் முழுவதும் கண்ணாடி மங்கியிருந்தால் மூடியைச் சில மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். பல நாட்களாகத் துளியே படியாவிட்டால் சிறிதளவு நீர் தெளிக்கலாம். பழுத்த இலைகளை உடனுக்குடன் அகற்றாவிட்டால் பூஞ்சை பரவும். கடுங்கோடையில் அறையின் வெப்பத்தைக் குறைக்க இயலாதபோது, மூடியைப் பகுதியளவு திறந்து வைத்து, இழக்கும் ஈரத்தை நீர் தெளித்து ஈடுசெய்யலாம்.