களத்துமேடும் பங்கீட்டுக் கடையும்: போர்க்காலக் கீழைத்தஞ்சையின் வாணிகச் சொற்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924-இல் வெளிவரத் தொடங்கி 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது. அதன் பின்னிணைப்புத் தொகுதி வெளிவந்த ஆண்டு 1939. அவ்வாண்டின் செப்டம்பர்த் திங்களிலேதான் இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. ஆதலின், அப்போர் தமிழ்நாட்டு உழவூர்களின் கொடுக்கல் வாங்கலில் கொண்டுவந்து சேர்த்த சொற்களுக்கும், பழஞ்சொற்களில் ஏற்றிய புதுப் பொருள்களுக்கும் அப்பேரகராதியில் விளக்கம் தேடுதல் பொருந்தாது. கண்ட்ரோல், ரேஷன், பெர்மிட் என்பன ஒரு வகையின; பதுக்கல், கள்ளச் சந்தை, கொள்முதல், பங்கீடு என்பன மற்றொரு வகையின. இச்சொற்களை வழித்துணையாகக் கொண்டு, வேளாங்கண்ணியைச் சூழ்ந்த கீழைத்தஞ்சை ஊர்களில் அன்றாட வாணிகமும் ஊர்வாழ்வும் அக்காலத்தில் எவ்வாறு மாறின என்பதை ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

வேளாங்கண்ணி இன்று பலர்க்கும் திருத்தலமாகவே அறிமுகமானது. ஆவணித் திங்களின் திருவிழாவும், அதற்கு வருவோர் கூட்டமும், அவரை நம்பிய கடைவீதியும் நம் ஆய்வுக்குப் புறம்பானவை அல்ல. எனினும் அவை ஆண்டில் சில நாளைய வாணிகம். எஞ்சிய நாட்களின் வாணிகம் வேறு. நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, வெள்ளையாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ளது இவ்வூர். ஆற்றின் மறுகரையில் செருதூர். கரையோரத்தில் மீனவர் குடியிருப்புகள். மேற்கே கீழையூர், திருப்பூண்டி, திருக்குவளை முதலிய நெல்விளையும் ஊர்கள். தெற்கே வேதாரணியத்து உப்பளங்கள். காவிரி நீர் கடைசியாக வந்தடையும் கடைமடைப் பகுதி இது. மேலைத்தஞ்சையில் குறுவையும் தாளடியுமாக இருபோகம் காணும் வயல்கள் மிகுதி; இங்கே சம்பா ஒன்றையே நம்பியிருந்த வயல்கள் பல. மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்ற பின்னரும் கடைமடையின் கவலை முற்றும் தீர்ந்துவிடவில்லை.

மீனும் உப்பும் நெல்லும் அண்மையில் விளையும் இத்தகைய நிலத்தில் பண்டமாற்று இயல்பாகவே வேரூன்றும். வெள்ளை உப்பை விற்று நெல்லைக் கொண்டு மீண்ட படகுகள், கட்டப்பட்ட குதிரைகள் போல வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அப்பாட்டிற்குரிய காவிரிப்பூம்பட்டினம் இதே கடற்கரையின் வடபால் உள்ளது. அறுவடைக் காலத்தில் கருவாட்டுக் கூடையுடன் மேற்கே நடந்து, நெல்லைக் கூடையில் அளந்து வாங்கித் திரும்பும் மீனவப் பெண்டிரின் வாணிகம் அப்பழைய வழக்கின் தொடர்ச்சியே. அவர்க்கு நெல் உணவு மட்டுமன்று, காசும் அதுவே.

நெல்லே காசாக வழங்கிய ஊரில் கணக்கும் நெல்லின் வழியே நடந்தது. எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால்; பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்; இரண்டு கலம் ஒரு மூட்டை. நிலத்திற்குக் குழி, மா, வேலி. களத்தில் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. அளந்த நெல் நேரே பத்தாயத்திற்குப் போய்விடாது. தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியார் முதலிய ஊர்ப்பணியாளர்க்கு உரிய பங்கு களத்திலேயே பிரித்துக் கொடுக்கப்படும். அப்பங்கிற்கு வழங்கிய பெயர் ‘சுதந்திரம்’ என்பது. வழிவழியாக வரும் உரிமை என்னும் பொருளில் ஊரார் அச்சொல்லை ஆண்டனர். நாட்டு விடுதலையைக் குறிக்க மேடைகளில் அச்சொல் முழங்கிய அதே ஆண்டுகளில், களத்துமேட்டில் அது சில மரக்கால் நெல்லைக் குறித்து வழங்கியது என்பதை மறத்தல் ஆகாது. இவ்விரு பொருள்களும் போர்க்காலத்தில் எவ்வாறு ஒன்றையொன்று உரசின என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை.

1939-இல் மூண்ட போர் இப்பகுதியின் வாயிலை 1942-இல் வந்து தட்டியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும், மார்ச்சுத் திங்களில் இரங்கூனும் சப்பானியர் கைப்பட்டன. ஏப்ரலில் கொழும்பும் திரிகோணமலையும், இப்பால் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்குக் கப்பல் சென்றுவந்த நாகப்பட்டினத்திற்கும், அதனை அடுத்த ஊர்களுக்கும் இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. மலேயாவிலிருந்து குடும்பங்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. பர்மாவில் இருந்த தமிழர் பலர் கால்நடையாகவே தாயகம் மீண்டனர். அவருள் ஒருவராகிய வெ. சாமிநாத சர்மா தம் வழிநடையைப் பின்னர் நூலாக எழுதிவைத்தார்.

எல்லாவற்றினும் மேலாக, பர்மா அரிசி வரவு அற்றுப்போயிற்று. ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் இந்தியத் துறைகளில் வந்திறங்கிய அரிசி அது. மலையாள நாடும் இலங்கையும் அதனையே பெரிதும் நம்பியிருந்தன. அவ்வரவு நின்றவுடன், சென்னை மாகாணத்தின் பார்வை தன் மிகைவிளைவு மாவட்டங்களாகிய கிருட்டிணை, கோதாவரி, தஞ்சாவூர் என்பவற்றின்மேல் விழுந்தது. 1943-இல் வங்காளத்தில் பல இலட்சம் மக்களை மாய்த்த பஞ்சம் அப்பார்வையை இன்னும் கூர்மையாக்கியது. தஞ்சை நெல் அதுவரை உழவர், மிராசுதார், வணிகர் என்போரின் பொருள். இனி அது அரசாங்கத்தின் கவலைக்குரிய பொருளாயிற்று.

இதற்கிடையே காசின் நிலையும் சொல்லத்தக்கது. 1940-இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டே ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. 1943-இல் இரண்டு ரூபாய்த் தாளும் வந்தது. சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாகவே, செம்பைச் சிக்கனப்படுத்த நடுவே துளையிட்ட காலணா 1943-இல் வெளியாயிற்று. ‘ஓட்டைக் காலணா’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பயனற்றதைச் சுட்டும் ஏளனமாகவும் அப்பெயர் வழங்கலாயிற்று. மொத்த விலைக் குறியீடு 1939-ஐ நோக்க 1943-இல் இரு மடங்கிற்கும் மேற்பட்டிருந்தது. காசில் ஊதியம் பெற்ற நகரத்துச் சிறு பணியாளர் இதனால் நலிந்தனர். களத்தில் நெல்லாகவே பங்கு பெற்றவர்க்கோ, விலையேற்றத்தினின்று அந்நெல்லே ஓரளவு காப்பாக நின்றது எனக் கொள்ளலாம். ஓரளவு என்றே சொல்கிறோம். ஏனெனில் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் அவரும் கடைக்கே செல்லவேண்டியிருந்தது. அங்கே அப்பண்டங்கள் அருகியிருந்தன.

இந்நிலையில்தான் ‘கண்ட்ரோல்’ வந்தது. உணவுத் தானிய வாணிகத்திற்கு உரிமம், மாவட்ட எல்லை கடக்கப் பெர்மிட், விலைக்கு உச்சவரம்பு, உழவரிடமிருந்து அரசாங்கக் கொள்முதல், நகரங்களில் பங்கீட்டு அட்டை என ஒன்றன்பின் ஒன்றாக ஆணைகள் பிறந்தன. துணிக்கும் 1943-இல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இவற்றைச் செய்த அரசாங்கம் எத்தகையது என்பதும் கருதத்தக்கது. காங்கிரசு அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியபின், 1946 வரை சென்னை மாகாணத்தை ஆளுநரே ஆலோசகர் துணையுடன் ஆண்டார். எனவே களத்து நெல்லின்மீது கைவைத்த ஆணை ஒன்றும் மக்கள் பேராளரின் மன்றத்தில் வாதிக்கப்பட்டதன்று. கலெக்டரும் தாசில்தாரும் வகுத்ததைக் கிராம முன்சீபும் கணக்கப்பிள்ளையும் நிறைவேற்றினர்.

‘கண்ட்ரோல்’ என்பதற்குக் ‘கட்டுப்பாடு’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருந்தது. எழுத்து வழக்கில் அது பெரிதும் ஆளப்பட்டது. ஆயினும் பேச்சு வழக்கில் ஆங்கிலச் சொல்லே நிலைத்துக் கண்ட்ரோல் கடை, கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் துணி என விரிந்தது. பிறமொழி மோகம் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ‘கட்டுப்பாடு’ என்பது ஊர் தானே கூடித் தனக்கு இட்டுக்கொண்ட விதியைக் குறித்தது. ஊர்க்கட்டுப்பாடு என்னும் தொடரை நோக்குக. புறத்தேயிருந்து வந்த விதிக்கு அப்பெயரை ஈய மக்கள் மனம் ஒப்பவில்லை போலும். வந்த பொருளுக்கு வந்த சொல்லையே வைத்துக்கொண்டனர்.

‘பதுக்கல்’ என்பதன் வரலாறு வேறு. பதுக்குதல் மறைத்தலைக் குறிக்கும் பழவினை. பாலை வழியில் அம்பு பட்டு இறந்தார் உடல்மேல் குவித்த கற்குவியலைச் சங்கப் புலவர் ‘பதுக்கை’ என்றனர் என்பது இடையே நினைவுக்கு வருகிறது. பத்தாயத்திலும் குதிரிலும் நெல்லைச் சேமித்துவைத்தல் உழவரின் முன்னறிவு என்று போற்றப்பட்டு வந்த செயல். போர்க்காலத்தில் வணிகர் கிடங்கில் மறைத்த மூட்டைக்கும், அளவுக்கு மீறி உழவர் வீட்டில் இருந்த நெல்லுக்கும் ‘பதுக்கல்’ என்ற ஒரே பெயர் அமைந்தது. அறமும் குற்றமும் ஒரு சொல்லுள் நெருங்கி நின்றன. ‘கறுப்புச் சந்தை’ ஆங்கில வழக்கின் நேர்பெயர்ப்பு. ‘கள்ளச் சந்தை’யோ கள்ளக் காசு, கள்ளக் கையெழுத்து என்பவற்றின் தடத்தில் நம் மொழி தானே ஆக்கிக்கொண்டது. ‘கொள்முதல்’ வணிகர் தம் கணக்கேட்டில் வாங்கிய விலைக்கு எழுதிய சொல். அரசாங்கம் நெல் வாங்குதலை அது குறிக்கத் தொடங்கியபோது, அரசே பெருவணிகர் ஆனமை சொல்லளவில் பதிவாயிற்று.

இனி ஊர்வாழ்வுக்கு வருவோம். மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள், குடிமக்கள் எனப் பிறப்பாலும் நிலவுரிமையாலும் பிரிந்திருந்த ஊரைக் கண்ட்ரோல் தன் ஏட்டில் வேறு வகையாகப் பிரித்தது: நெல் விளைப்போர், விளையாதோர் என்ற இரண்டே பிரிவு. விளைப்போர்க்கு வித்து, குடும்ப உணவு, கூலி ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக எஞ்சியது கொள்முதலுக்கு உரியது. விளையாதோர்க்குக் குடும்ப அட்டை. கூலி நெல்லுக்கு ஏட்டில் இடம் இருந்தது. ஆனால் நாவிதரின் சுதந்திரமும் கருவாட்டுக்கு மாற்றாகச் சென்ற கூடை நெல்லும் கலெக்டர் அலுவலகக் கணக்குக்கு எளிதில் அடங்குவன அல்ல. வழக்கத்தால் ஓடிய நெல்லுக்குச் சீட்டு இல்லை; சீட்டு இல்லாத நெல் ஐயத்திற்கு இடமாயிற்று.

ஆயினும் இதனை வெறும் இழப்பாக எழுதிவிட்டால் உண்மை பாதியே ஆகும். களத்துச் சுதந்திரம் உரிமை எனப்பட்டதேனும், களத்தின் ஓரத்தில் நின்று, மிராசுதார் அல்லது அவர்தம் காரியக்காரர் அளக்கும்வரை காத்திருந்து பெறும் உரிமை. எந்த மரக்கால், தலை வழித்த அளவா குவித்த அளவா என்பதெல்லாம் அளப்பார் கையில். குடும்ப அட்டையிலோ குடும்பத்தலைவர் பெயரும் தலைகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டன. நிலமற்ற மீனவரின் பெயரும் கைவினைஞரின் பெயரும், வரி கட்டாதவர் என்ற காரணத்தால் அதுவரை ஏறாத அரசாங்க ஏட்டில், உணவுக்கு உரியவர் என்னும் முறையில் ஏறின. அரிசி குறைவு, தரமும் பல காலம் குறைவே, அரசாங்கம் கணக்கிட்டது அவுன்சில். எனினும் அட்டையைக் காட்டிக் கேட்கலாம், கேட்பது இரத்தலன்று.

அளவுபற்றிய இவ்வுணர்வு பண்ணையாட்களிடையே வேறு வழியில் முதிர்ந்தது. பி. சீனிவாசராவ் முதலியோர் 1943 தொடங்கிக் கீழைத்தஞ்சையில் விவசாயச் சங்கங்களைக் கட்டினர். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பதோடு, கூலி நெல்லை ஒழுங்கான மரக்காலால் அளக்கவேண்டும் என்பதும் அவ்வியக்கத்தின் கோரிக்கையாயிற்று. நெல் விலை ஏறஏற ஒரு மரக்காலின் விளிம்பில் குறையும் பிடி நெல்லுக்கும் மதிப்பு ஏறியது. போரினும் நீண்டு சென்ற அப்போராட்டத்தின் விளைவாக 1952 ஆகத்துத் திங்களில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்திற்குச் சில திங்கள் முன்னர், அதே ஆண்டு சூனில், முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியிருந்தார். போருக்கெனப் பிறந்த கண்ட்ரோல் போர் முடிந்து ஏழாண்டு வாழ்ந்திருந்தது.

சொற்களோ அவ்வளவில் ஒழியவில்லை. 1957-இல் பதின்ம நாணயமும், அதன்பின் மெட்ரிக் அளவுகளும் வந்து காலணாவையும் மரக்காலையும் ஒதுக்கின. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. இன்று கீழையூர், திருக்குவளைப் பக்கத்தில் சம்பா அறுவடையானவுடன் நெல் செல்வது ‘நேரடி நெல் கொள்முதல் நிலைய’த்திற்கு. ஆங்கு அது 40 கிலோச் சிப்பமாக எடையிடப்படுகிறது. எடைக்கு முன் ஈரப்பதம் பார்க்கப்படுகிறது. மழை வந்தால் தார்ப்பாய் தேடி உழவர் ஓடுகின்றனர். அங்கே முதற்சிப்பத்திற்கு எண் ஒன்று என்றே எழுதுகின்றனர். ‘லாபம்’ என்பது இல்லை.