கடியை மட்டும் காட்டினால் போதாது

வாளையாரிலும் குமுளியிலும் எல்லைக்கோடு மனிதர்களுக்குத்தான், தெருநாய்களுக்கு அல்ல. 2022இல் பாலக்காடு மாவட்டத்தில் தடுப்பூசி போட்டும் ஒருவர் ரேபிஸுக்குப் பலியானபோது, ஊசி மீதே சந்தேகம் எழுந்தது. ஊசி பெரும்பாலும் காப்பாற்றும், சில நிபந்தனைகளோடு.

காயம் ஆழமானால் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினையும் காயத்திலேயே செலுத்துகிறார்கள். அளவு மிஞ்சினால் அதுவே தடுப்பூசியின் வேலையைக் கெடுக்கும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் தருவதில்லை. இதைப் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தடுப்பூசியின் பலன் குறையலாம். சிறு கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படலாம். மலேரியா மாத்திரை குளோரோகுயினும் தடுப்பூசிக்கு இடைஞ்சல்.

ஆகவே மூணாறு எஸ்டேட் தொழிலாளியானாலும் அட்டப்பாடி விவசாயியானாலும், காயத்தை 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரையும்போது, சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்வது உயிர் காக்கும்.