தனியே வைத்த டம்ளர்

எனக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அம்மையார், நாற்பது வயதைக் கடந்தவர், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை செய்துகொண்டு, ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட காகிதத்தைப் பெற்றுவந்த அன்று மாலையே, தாம் காப்பி குடிக்கும் டம்ளரையும் தலை துவட்டும் துண்டையும் பிள்ளைகள் தொடாதவாறு தனியே எடுத்து வைத்துவிட்டார். ‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு அர்த்தம் என்பதைக் காகிதத்தை நீட்டுகிறவர்களாவது இரண்டு வார்த்தை சொல்லலாம்.

எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் காகிதம் எதையும் சொல்லவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட இந்த வைரஸ் கூட்டத்தில் புற்றுக்குக் காரணமாகக் கூடியவை சுமார் 14. அவற்றுள் ஹரால்டு சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் குழுவினர் 1983-லும் 1984-லும் இனங்கண்ட 16, 18 என்னும் இரண்டு வகைகளே இப்புற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். அபாயமான வகையே புகுந்தாலும் பெரும்பாலோரிடம் சரீரமே ஓரிரண்டு ஆண்டுகளில் அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் நிலைத்துவிட்ட சிலரிடமுங்கூட, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாதிருந்தால், அது புற்றாக முதிர்வதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கின்றன. டம்ளரால் அது பரவுவதில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பிறகும் அம்மையாரின் முகம் தெளியவில்லை. “கல்யாணமாகி இருபது வருஷம் ஆயிற்றே, இது எங்கிருந்து வந்தது?” என்றார், குரலைத் தாழ்த்தி. மரண பயத்தைவிட இந்தக் கேள்விதான் அவரை உறங்கவிடாமல் வதைத்திருக்கிறது. தாம்பத்திய உறவில் பரவுவது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், புருஷனையோ தன்னையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிற மனம், இக்கிருமி பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து பின்னர் தலைகாட்டக்கூடும் என்பதையும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவல்ல சோதனையே கிடையாது என்பதையும், மணவாழ்வு கண்ட ஆண் பெண் பெரும்பாலோரை இது ஒரு முறையேனும் தொட்டுச் செல்கிறது என்பதையும் அறிவதில்லை. சாட்சியே இல்லாத வழக்கைக் குடும்பத்துக்குள் நடத்துவது வீண்.

கவலை மிகுந்து மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரைப் பற்றி எனக்கு விசாரமில்லை. காகிதத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டு வாய்திறவாமல் இருப்பவரைப் பற்றித்தான் விசாரம். காலத்தோடு பார்த்துக்கொண்டால் பலன் உண்டு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 31,000 பெண்களின் கருப்பைவாயில் வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவிப் பார்த்து, வெளுத்துத் தோன்றிய கோளாறுகளுக்கு உடனே சிகிச்சை ஏற்பாடு செய்ததன் பயனாக, இப்புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. ‘பாசிட்டிவ்’ வந்தவரிடம் அடுத்த சோதனையாகக் கால்போஸ்கோப்பி என்று பெயர் சொல்லிப் பயமுறுத்துவதும் அதே அமிலத்தைத் தடவி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பதுதான். கோளாறு தென்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுக்கு முந்திய நிலையென்றால் உறையவைத்தோ சுட்டோ அகற்றிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

ஆகவே சகோதரிகளே, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அன்றைக்குத் தனியே போகாமல், அக்காளையோ சிநேகிதியையோ, கூடுமானால் கணவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.