அறுபது நாளில் பழுக்கும் தக்காளி

ஸ்காபரோவில் நாம் குடியேறிய முதலாவது வசந்தத்தில் எமது மாமனார் ஒரு பிழை செய்தார். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் இருபது ஆண்டுகள் வெங்காயமும் மிளகாயும் தக்காளியும் விளைவித்தவர் அவர். 1990 யூன் மாதத்தில் ஊரோடு இடம்பெயர்ந்த நாள் முதல் தமக்கென ஒரு துண்டு நிலமின்றி இருந்தவர். ஏப்ரில் இறுதியில் நான்கு நாட்கள் நல்ல வெயில் எறித்ததும், பின்வளவைக் கொத்திப் பாத்தி கட்டி, யன்னலோரத்தில் வளர்த்த பன்னிரண்டு நாற்றுகளையும் நட்டுவிட்டார். ஐந்தாம் நாள் காலை அவை யாவும் கறுத்துத் துவண்டு கிடந்தன. இரவில் உறைபனி படிந்திருந்தது. “இந்த மண் என்னை ஏற்கேல்லை” என்று கூறி உள்ளே சென்றவர், அவ்வாண்டு மீண்டும் மண்வெட்டியைத் தொடவில்லை.

மண் அவரை மறுக்கவில்லை. இங்குள்ள நாட்காட்டி வேறு என்பதே உண்மை. யாழ்ப்பாணத்து விவசாயி மாரி மழையையும் கிணற்று நீரையும் கணக்கிட்டுப் பயிர் வைத்தான். இங்கு கணக்கிட வேண்டியது வெப்பத்தை. ரொறன்ரோவில் வசந்தத்தின் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாதத்தில் நீங்குகிறது. மீண்டும் ஒக்ரோபரில் அது வந்துவிடுகிறது. ஆகவேதான் இந்நகரத்துப் பழைய தோட்டக்காரர்கள், மே 25 இற்கு முந்திய திங்கட்கிழமையாகிய விக்டோரியா நாள் வரும்வரை தக்காளியை வெளியில் நடுவதில்லை. இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காதிருத்தல் வேண்டும் என்பதே அவர்களின் அளவுகோல்.

இக்குறுகிய கோடைக்கு ஏற்றவை முந்திப் பழுக்கும் இனங்களே. அல்பேர்ட்டாவின் பீவர்லொட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட ‘சப்ஆர்க்டிக் பிளென்ரி’ குட்டையாக வளர்ந்து சிறிய பழங்களைத் தருவது. செக் நாட்டிலிருந்து வந்த ‘ஸ்ரூபிஸ்’ உயர்ந்து வளரும். அதற்குத் தடி நாட்டிக் கட்ட வேண்டும். 1975 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஏர்லி கேர்ள்’ பரவலாகக் கிடைக்கும் கலப்பினம். இவை 50 முதல் 60 நாட்களில் பழுப்பவை. அந்நாட்கள் விதைத்த நாளிலிருந்தல்ல, நாற்றை வெளியில் நட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன என்பதை வாசகர்கள் மனதிற் கொள்ளல் வேண்டும்.

மார்ச் இறுதியில் வீட்டினுள் விதையிடுங்கள். நடுவதற்கு முன்னர் ஒரு வாரம் நாற்றுகளைப் பகலில் சில மணிநேரம் வெளியில் வைத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குங்கள். நடும்போது அடியிலைகளைக் கிள்ளித் தண்டின் பெரும்பகுதியை மண்ணுள் புதையுங்கள்; புதைந்த தண்டிலும் வேர்விடும். ஆறு மணிநேரமாவது நேர்வெயில் படும் இடம் தேவை. தொடர்மாடியில் வாழ்வோர், அடியில் துளையிட்ட பெரிய வாளியொன்றில் குட்டை இனத்தை வளர்க்கலாம். ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வரட்சியாகவும் நீர் ஊற்றினால் காய்களின் அடி கறுத்து அழுகும். அளவான நீரை ஒழுங்காக, இலைகள் நனையாது, அடியில் ஊற்றுதல் நன்று.

இலையை நனைக்காதிருக்க வேறொரு காரணமும் உண்டு. ஈரலிப்பான காலத்தில் பின்வெளிறல் எனும் நோய் சில நாட்களிலேயே முழுப் பாத்தியையும் அழித்துவிடும். 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்தது இதே நோய்தான். அப்பஞ்சத்துக்குத் தப்பிய 38,000 இற்கும் மேற்பட்டோர், 1847 ஆம் ஆண்டில் மட்டும் கப்பலேறி இந்த ரொறன்ரோவில் வந்து இறங்கினர். அப்போது நகரின் சனத்தொகை ஏறத்தாழ 20,000 மட்டுமே. வந்தோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலால் இங்கேயே மாண்டனர். ஏரிக்கரையில் 2007 இல் திறக்கப்பட்ட அயர்லாந்துப் பூங்கா அவர்களின் நினைவாக நிற்கிறது. பயிர் அழிந்து ஏதிலிகளாய் இந்நகருக்கு வந்தவர்களில் நாம் முதலானவர்கள் அல்லர்.

மறு ஆண்டு மாமனாரை மீண்டும் பாத்திக்கு அழைத்துவர நாம் பெரிதும் பாடுபட்டோம். விக்டோரியா நாள் கழிந்த சனிக்கிழமை ‘சப்ஆர்க்டிக் பிளென்ரி’ நாற்றுகள் ஆறு நட்டோம். அவர் மூன்று வாரம் அப்பக்கம் பாராதிருந்தார். பூ விட்ட பின்னர் காலையில் முதலில் எழுந்து போனவர் அவரே. யூலை இறுதியில் முதற்பழம் சிவந்தது. சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் சேர்த்துச் சலாதாக உண்டோம். ஊர்ப் பழத்தின் புளிப்பு இதில் இல்லையென்று குறை கூறிக்கொண்டே அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

நன்கு பழுத்த இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். விதையைச் சாம்பலிற் பிசைந்து உலர்த்துவதே ஊர் வழக்கம். எமது வீட்டிலோ அடுப்புச் சாம்பல் இல்லை. மூன்று நாட்கள் நீரில் ஊறவிட்டுக் கழுவிக் கடதாசியிற் பரப்பினார். கலப்பினத்தின் விதை தாய்ச்செடியைப் போல் முளைப்பதில்லை. இவ்வினத்தின் விதையோ மாறாது முளைக்கும்.

எமது அகதி விண்ணப்பத்துக்கு அப்போது பதில் வந்திருக்கவில்லை. அடுத்த கோடையில் இங்கிருப்போமா என்பது எவருக்கும் தெரியாது. மாமனார் விதைகளைக் கடித உறையிலிட்டு, மேலே நடுங்கும் கையால் எழுதினார்: “மே 25 இற்குப் பின் நடவும்.”