தாழ்வான டெக்: பலகைக்கு முதல் கீழ்ச்சட்டம்

பனி கரைஞ்சு பின்வளவு தெரியத் தொடங்கினால் எங்களுக்கு வாற முதல் கேள்வி இதுதான்: "நிலத்தோட ஒட்டினமாதிரி ஒரு டெக் போடப்போறன், உயரமில்லைத்தானே, சுகமான வேலைதானே?"

ஏறிப் பலகை அடிக்கிறது சுகம்தான். ஆனால் நாலடி உயரமான டெக்கில ஏதும் தளர்ந்தால் கீழ புகுந்து பூட்டலாம். ஓரடி உயரத்தில பூனைதான் போகும். பலகையை மூடின பிறகு கீழ்ச்சட்டத்தைத் தொட ஏலாது. அதனால முழு யோசனையும் மரம் வாங்க முதலே முடிஞ்சிருக்க வேணும்.

முதலில உயரக் கணக்கு. வீட்டுக் கதவடியிலயிருந்து நாலு அங்குலம் கீழ டெக் நிற்கட்டும்; பனி குவிஞ்சாலும் கதவுக்குள்ள வராது. அங்கேயிருந்து நிலத்துக்கு 14 அங்குலம் எண்டு வையுங்கோ. மேற்பலகை ஒரு அங்குலம். அதைத் தாங்கிற ஜோயிஸ்ட் 'டூ பை எயிட்'. கடையில எட்டு எண்டு சொன்னாலும் உண்மையான உயரம் 7¼ அங்குலம்தான். அந்த ஜோயிஸ்டுக்கு அடியில அதே அளவு பீம். கூட்டிப் பாருங்கோ: 15½. பீம் மண்ணுக்குள்ள போயிட்டுது!

இதுக்காக மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்காதேங்கோ, தண்ணி தேங்கும். பீமை ஜோயிஸ்டுக்கு அடியில வைக்காமல் ஒரே மட்டத்தில வைச்சு, ஜோயிஸ்டுகளை இரும்புத் தாங்கியில, அதுதான் ஹேங்கரில, பக்கவாட்டாக மாட்டுங்கோ. இப்ப மொத்தம் 8¼ அங்குலம்; கீழ 5¾ அங்குலம் காத்துப் போக மிச்சம். அந்த இடைவெளி இல்லையெண்டால் ஈரம் காயாது, மருந்தேற்றின மரமும் உக்கத் தொடங்கும். நிலத்துக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறதால 'கிரவுண்ட் கொன்ராக்ற்' எண்டு முத்திரை குத்தின மரமே வாங்குங்கோ. ஹேங்கருக்கு உரிய கல்வனைஸ் ஆணிதான் அடிக்க வேணும். அந்த மருந்தில செம்பு இருக்கு, சாதாரண ஆணியை அது அரிச்சுப்போடும். டெக் ஸ்குரூவும் அந்த இடத்துக்குச் சரிவராது, பாரத்தில முறியும்.

அடுத்தது, வீட்டுச் சுவரில பூட்டலாமோ? ரொறன்ரோப் பக்கம் கனக்க வீடுகளில வெளியில தெரியிற செங்கல் வெறும் போர்வை. பின்னால இடைவெளி விட்டு அதுக்குப் பிறகுதான் வீட்டின் மரச்சுவர். அந்தச் செங்கல் தன்ர பாரத்தைத்தான் தாங்கும், உங்கட டெக்கை அதில தொங்கவிடக் கூடாது. வீட்டோரமாக இன்னொரு பீம் போட்டு, டெக் தன்ர காலிலேயே நிற்கட்டும். நான் எப்பவும் இதைத்தான் சொல்லுவன். ரெண்டு தூண் கூடினாலும் பரவாயில்லை.

தூணுக்கு அடியில என்ன? தெற்கு ஒன்ராறியோவில வழக்கமாக 1.2 மீற்றர், கிட்டத்தட்ட நாலடி, தோண்டிக் கொங்கிறீற் ஊத்துவினம். அதுக்கு மேல உள்ள மண்ணில இருக்கிற தண்ணி உறைஞ்சு வீங்கி, மேல உள்ளதைத் தூக்கும். களிமண் எண்டால் இன்னும் மோசம். கடையில விக்கிற கொங்கிறீற் கட்டைகளை மண்ணில வைச்சும் டெக் போடலாம். ஆனால் அது மாரியில எழும்பும், கோடையில இறங்கும், எல்லா மூலையும் ஒரே அளவில அசையாது. வீட்டோட பூட்டாத சின்ன டெக்குக்கு அது போதும். கூரை போடுற எண்ணம் இருந்தால் வேண்டாம்.

தோண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ. காஸ், மின்சார வயர் போற இடத்தை இலவசமாக அடையாளம் போட்டுத் தருவினம். பேமிட் வேணுமோ எண்டு உங்கட நகரசபையைக் கேளுங்கோ. 60 சென்ரிமீற்றருக்கு மேல உயர்ந்தால் கைபிடி வேலியும் வேணும்.

ஜோயிஸ்டுக்கு ஜோயிஸ்ட் 16 அங்குலம். கொம்பொசிற் பலகையைச் சாய்வாகப் போட ஆசையெண்டால் 12. பலகையைத் தெரிவுசெய்த பிறகுதான் சட்டம் கீற வேணும் எண்டது இதுக்குத்தான்.

கடைசியா, புல்லைச் செதுக்கி, நிலத்தை வீட்டிலயிருந்து வெளிப்பக்கம் சரிச்சு, துணி விரிச்சுச் சரளைக்கல் போடுங்கோ. சுத்திவரக் கம்பிவலையை மண்ணுக்குள்ள இறக்குங்கோ. ஸ்கங்க் குடிவந்தால் அந்த மணம் முழுத்தெருவுக்கும் தெரியும்.

அடுத்த பகுதியில படி வைக்கிறதைப் பற்றிக் கதைப்பம்.